தொத்தாதுங்க

எட்டாம் வகுப்பில் நான் படித்த பாடங்களில் ஒன்றை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. என்னையும் மறக்கவிடுவதில்லை. இன்றைக்கும் குடும்பத்தில் யாராவது தும்மினால், "இது தொத்துமா, பரம்பரையா?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் கைக்குட்டையைத் தேடுவார்கள்.

அப்போது அப்பா வாழவந்திப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். எஸ்டேட் கொடுத்த ஓட்டு வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான், அப்பாவின் தங்கையான அத்தை என்று ஐந்து பேர். அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவருடைய இரண்டு கைகளிலும் உதட்டோரத்திலும் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. டாக்டர்கள் வெண்புள்ளி என்பார்கள். ஊரில் பாதிப் பேர் அதைக் குஷ்டத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள். பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் அத்தையும் நானும் மட்டும் போவோம், நின்றுகொண்டு வருகிறவர்கள்கூடப் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். நான் அதை ஒரு வசதியாகத்தான் நினைத்திருந்தேன்.

வீட்டில் காபி முழுக்க அத்தையின் ராஜ்ஜியம். கொட்டையைக் காயவைப்பது, இரும்புச் சட்டியில் வறுப்பது, கை மிஷினில் அரைப்பது எல்லாம் அவரேதான். வறுபடும் வாசம் மாறும் அந்த நொடியில் சட்டியை இறக்குவார். அதற்குள் யாராவது பேச்சுக் கொடுத்தால் திட்டு விழும்.

பள்ளியில் அந்த வாரம் அறிவியல் டீச்சர் தொற்றுநோய்க்கும் பரம்பரை நோய்க்கும் வித்தியாசம் நடத்தினார். ஒருத்தியின் உள்ளங்கையில் சாக்பீஸ் தூளைப் பூசிவிட்டு, பெஞ்சு முழுக்க ஒருவருக்கொருவர் கைகொடுக்கச் சொன்னார். கடைசிப் பெண்ணின் கையும் வெளுத்திருந்தது. "இது தொற்று. வெளியில இருந்து ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு வரும்" என்றார். அடுத்து வகுப்பில் இருந்த அக்காள் தங்கை இருவரை எழுப்பிக் கன்னக்குழியைக் காட்டச் சொன்னார். "இது யாரையும் தொட்டு வந்ததில்ல. அம்மா அப்பாகிட்ட இருந்து பொறக்கும்போதே கூட வந்தது. நோய்லயும் அப்படிச் சிலது உண்டு. அது பரம்பரை."

வெளுத்த என் கையைப் பார்த்தபடி எழுந்து, வெள்ளைத் திட்டு எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"அது கண்டிப்பாத் தொத்தாது கண்ணு" என்றார் டீச்சர். அதற்கு மேலும் ஏதோ விளக்கினார். எனக்குத்தான் காது அதோடு அடைத்துக்கொண்டது. அத்தை தொற்றமாட்டார்! கரும்பலகையில் டீச்சர் நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்ததோ இரண்டே பத்தி. தொற்று இல்லையென்றால் பரம்பரை என்று நானே தீர்ப்பெழுதி, அத்தையை அடுத்த பத்தியில் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்கச் சேலத்திலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் வந்து, விசாரித்துவிட்டு, சத்தமில்லாமல் விலகிப் போயிருந்தது. ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்த மாப்பிள்ளையின் போட்டோவை அக்கா தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். அவள் பக்தி திடீரென்று கூடியிருந்ததில் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இதுவும் கைவிட்டுப் போனால் வீடு தாங்காது என்பது எனக்கே புரிந்தது.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா மூவரும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தனக்குப் பித்தம் என்று சொல்லிச் சர்க்கரை இல்லாத காபி கேட்டார். தட்டிலிருந்த கேசரியை நைசாகத் தம் வீட்டுக்காரர் தட்டுக்குத் தள்ளினார். அக்கா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

ஒரு வாய் குடித்ததுமே அந்த அம்மாள் நிமிர்ந்தார். "ஏனுங்க, காபி நொம்ப நல்லா இருக்குதுங்க. யாரு போட்டது?"

"நாந்தானுங்க" என்றார் அம்மா.

எனக்குத் தாங்கவில்லை. பூசைக்குப் போய்வந்த வாய் ஈரம் காயுமுன் பொய்யா? "இல்லீங்க, எங்க அத்தை போட்டது. உள்ள இருக்காங்க" என்றேன்.

"அப்படியா? வரச்சொல்லு கண்ணு, பாக்கலாம்."

அம்மா எழுவதற்குள் நான் அடுக்களைக்குள் ஓடி அத்தையின் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன். அத்தை மற்றொரு கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். நான் பிடித்திருந்த கையை மறைக்க வழியில்லை. மாப்பிள்ளையின் அப்பா குடித்துக்கொண்டிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

ஓகோ, இதுதானா சங்கதி என்று எனக்கு விளங்கிவிட்டது. அத்தையின் கையை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தேன்.

"பயப்படாதீங்க, தொத்தாதுங்க. இது பரம்பரைங்க. எங்க குடும்பத்துக்குள்ளயேதான் வரும், வெளியாளுங்களுக்கு வராதுங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அன்று போல யாரும் என் பேச்சை அவ்வளவு அமைதியாகக் கேட்டதில்லை. அப்பா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். கதவோரம் அக்காவின் முகம் வெளிறிப்போனது. நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா அத்தையின் கையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு டம்ளரில் மிச்சமிருந்த காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார்.

"எனக்குப் பித்தமும் இல்ல ஒன்னும் இல்லீங்க" என்றார். "சக்கரை. எங்கப்பாவுக்கும் இருந்துச்சு, எங்கண்ணனுக்கும் இருக்குது. பொண்ணு ஊட்டுல சொல்ல வேண்டாம்னுதான் வந்தோம். இந்தப் புள்ள சொன்னதுக்கப்புறம் மறைக்க மனசு வரலீங்க. எம் பையனுக்கும் நாளைக்கு வந்தாலும் வரும். வந்தா உங்க பொண்ணு என்ன பண்ணுவா?"

அத்தைதான் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "சக்கரை போடாமக் காபி குடுப்பாளுங்க."

முதலில் சிரித்தது அந்த அம்மாள்தான். "அதும் தொத்தாதுங்க" என்று நான் சேர்த்துச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். மாப்பிள்ளை அன்று வாய் திறந்து பேசியது ஒரே ஒரு முறை. அத்தையிடம், "இன்னொரு காபி கிடைக்குங்களா?" என்று கேட்டார். அவருடைய அப்பாவும் கீழே வைத்த டம்ளரை, கொஞ்சம் வெட்கத்தோடு, திரும்ப எடுத்துக்கொண்டார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வெண்புள்ளி நான் எழுதிய பத்தியில் அப்படி ஒழுங்காக உட்காராது என்பதைப் பின்னால் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டேன். உடம்பு தன் நிறத்தையே எதிரி என்று தப்பாக நினைத்து அழிப்பதால் வருவது அது. ஒரு குடும்பத்தில் இன்னொருவருக்கும் வரலாம், பெரும்பாலும் வருவதில்லை. டீச்சர் அன்று மேற்கொண்டு சொன்னது இதுவாகத்தான் இருக்கும். அக்காவின் பிள்ளைகளுக்கு ஒரு புள்ளியும் இல்லை. மாமாவுக்குத்தான் சர்க்கரை வந்துவிட்டது, அக்கா வெறும் காபி கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று விருந்தாளிகள் பஸ் ஏறிய பிறகு நான் அடுக்களைக்குப் போனேன். அத்தை டம்ளர்களைக் கழுவியபடி அழுதுகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அழுவாதீங்க அத்தை. உங்களுது தொத்தாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சில்ல?"

அவர் அழுகையோடேயே சிரித்து, ஈரக் கையால் என் கன்னத்தைப் பிடித்தார். "அது எனக்கு எப்பவோ தெரியும் சாமி."

தெரிந்தும் இவர் எதற்காக உள்ளேயே இருந்தார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா பொய் சொன்னதைக் கேட்டதிலிருந்து, வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து அத்தையை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அன்று காலையில் அம்மா, "நீயும் வந்து எங்களோட உக்காரு" என்று அத்தையைக் கூப்பிட்டது என் காதில் விழுந்துதான் இருந்தது. "இந்த எடமாவது அமையட்டும் அண்ணி" என்று சொல்லிவிட்டு, அத்தையே அடுக்களைக் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டார். குளிர்காற்று வருகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் போய்ப் பாடம் படிக்க உட்கார்ந்தேன்.