ஹெட்டை உடைத்தது யார்

வண்டியை எனக்கு விற்றவரே, எட்டு மாதம் கழித்து அதே வண்டியை என்னிடம் வாடகைக்குப் பிடித்தார். அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அவரைத் தோட்டத்துக்காரர் என்றுதான் சொல்வோம். என் அப்பா அவர் தோட்டத்தில் தண்ணீர் கட்டியவர், தாத்தாவும் அங்கேதான். நான் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மண்வெட்டியிடமிருந்து தப்பித்தேன். ஊரார் வண்டிகளை ஏழெட்டு வருஷம் ஓட்டிவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில், மனைவியின் நகையை விற்று அவருடைய பழைய டீசல் வேனை வாங்கினேன். எங்கள் தெருவில் சொந்த வண்டி என்று நின்றது அதுதான் முதல். சர்ச்சுக்கு முன்னால் அதை நிறுத்திவிட்டு இறங்கும்போது என் நடையே கொஞ்சம் மாறித்தான் போயிருந்தது.

வண்டிக்கு ஒரே ஒரு குணம். தூரம் ஓடினால் சூடாகும். வாங்கிய மாதமே சூடானது. நான் ரேடியேட்டரைக் கழுவினேன், ஃபேன் பெல்ட்டை மாற்றினேன், கியரைக் குறைத்து, காலை அமர்த்தி, கைக்குழந்தையைக் கொண்டுபோவது போல ஓட்டினேன். அப்படியும் சூடானது. வேன் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் விடுவார்களா?

"அவரு பன்னெண்டு வருசம் பூவாட்ட வெச்சிருந்த வண்டி. நீ எட்டே மாசத்துல கஞ்சி காச்சற" என்றார்கள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். எனக்கு உள்ளே பற்றி எரிந்தது. நல்ல டிரைவர் என்ற பெயர் ஒன்றுதான் நான் சம்பாதித்தது. அது போனால் என் வண்டியை யார் பிடிப்பார்கள்? அதைவிட மோசம், நானே அவர்களை நம்பத் தொடங்கியிருந்தேன். ராசியில்லாத கை, கனமான கால் என்று என்னை நானே திட்டிக்கொள்வேன்.

இந்த நிலைமையில்தான் தோட்டத்துக்காரருடைய கிணற்று மோட்டாரை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து அலுத்துப்போய், ஆனைமலை மாசாணியம்மனிடமே முறையிடுவது என்று வீட்டில் முடிவு செய்தார்கள். அநியாயம் செய்தவனை நினைத்து அங்கே மிளகாய் அரைத்துக் கல்லில் பூசிவிட்டு வந்தால் அம்மன் அவனைச் சும்மா விடமாட்டாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதற்குத்தான் என் வண்டி. அவர் முன்சீட்டில். அவருடைய மனைவி, மடியில் மிளகாய்ப் பையோடு பின்னால். அவருக்கும் பின்னால் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர், கூடவே ஒரு தூக்குப்போசி நிறையப் புளிசாதம்.

பல்லடம் தாண்டியதும் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. நெகமத்தை நெருங்கும்போது கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் வெள்ளை வெள்ளையாகப் புகை. ஓரங்கட்டினேன்.

"தண்ணி ஊத்துனியா இல்லியா?" என்றார் தோட்டத்துக்காரர்.

"காத்தால ஊத்துனனுங்க."

"ஊத்தியிருந்தா எதுக்குப்பா கொதிக்குது?"

பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் என் பிடரியைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

நல்லவேளையாகக் கூப்பிடு தூரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. தள்ளிக்கொண்டு போனோம். நெற்றியில் திருநீறும் கை முழுக்க கிரீஸுமாக இருந்த மெக்கானிக், வண்டி ஆறும்வரை பொறுத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி, என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது.

"இஞ்சின் ஹெட் வெடிச்சிருக்குதுங்க. பிரிச்சாத்தான் எவ்வளவுன்னு சொல்ல முடியும்."

"டிரைவர் தண்ணி பாக்காம ஓட்டிப்போட்டானுங்க" என்றார் தோட்டத்துக்காரர், ஒர்க்‌ஷாப்புக்கே கேட்கும்படி. நான் போய் ரேடியேட்டர் மூடியைத் துடைத்தேன். வாயைத் திறந்தால் வம்பு.

உறவுக்காரர்கள் வேப்பமர நிழலில் புளிசாதத்தைப் பிரித்தார்கள். மெக்கானிக் இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைப் பிரித்தார். கழற்றிய ஹெட்டை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ஓரிடத்தில் திருப்புளியால் சுரண்டினார். கருப்புப் பெயிண்ட் உரிந்து, கீழே மஞ்சளாகப் பளபளத்தது.

"வண்டி வாங்கி எத்தனை நாளாச்சுங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"எட்டு மாசங்க."

"ஹெட்டைக் கழட்டுனீங்களா?"

"இல்லீங்க, தொடவேயில்ல."

"அப்ப உங்க மேல தப்பில்லீங்க. இது பழைய வெடிப்பு. பித்தளையை உருக்கி அடைச்சு, தெரியாம இருக்கோணும்னு மேல பெயிண்டு அடிச்சிருக்குது. அந்த அடைப்பு ஓரத்துல இருந்துதான் இப்ப மறுக்கா வெடிப்பு உட்டிருக்குது. உங்க தலைல நல்லாக் கட்டியுட்டுட்டாங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகைதான் வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எட்டு மாதமாக என் கையையும் காலையும் நான் திட்டிய திட்டெல்லாம் வீண். கனமான கால் இல்லை. ராசியில்லாத கை இல்லை. அந்த மெக்கானிக்கை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவரோ பேச்சை நிறுத்துகிற ஆளாக இல்லை. "எங்க கெளம்பி வந்தீங்க?" என்று தோட்டத்துக்கார அம்மாவைக் கேட்டார்.

"மாசாணியம்மனுக்குங்க."

"மொளகா அரைக்கறதுக்குங்களா? அப்ப நல்லதாப் போச்சு. இந்த வண்டியை வித்த ஆளுக்கும் சேத்தி ரெண்டு மொளகா அரைச்சுப்போட்டு வாங்க. திருடனாவது ஆருன்னு தெரியாது. இது ஆருன்னு இவருக்குத் தெரியுமில்லீங்களா, பேரைச் சொல்லியே அரைக்கலாம்."

புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் அத்தனையும் நின்றுவிட்டன. தோட்டத்துக்காரர் துண்டை எடுத்து உதறினார், மடித்தார், மறுபடி உதறினார்.

"ஏனுங்க," என்றார் அவருடைய மனைவி, அவர் முகத்தைப் பார்த்து. "போன வருசம் வண்டி கோயமுத்தூருல பத்து நாள் நின்னுச்சே. பிரேக் வேலைன்னுதான சொன்னீங்க?"

"பஸ் வருதான்னு பாக்கறேன்" என்று அவர் ரோட்டுக்குப் போய்விட்டார்.

அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று அந்த ஒர்க்‌ஷாப் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தேன். பரம்பரைக் கணக்கும் அதில் கொஞ்சம் சேர்ந்துகொண்டது.

கோயிலில் நடந்ததை அந்த அம்மா பிறகு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அம்மிக்கு முன்னால் உட்கார்ந்த தோட்டத்துக்காரர் மிளகாயில் கை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாராம். கடைசியில், "வேண்டாம், கெளம்பு. மோட்டாரு போனாப் போச்சாது" என்று எழுந்துவிட்டாராம்.

சாயங்காலம் திரும்பும் வழியில் ஒர்க்‌ஷாப்பில் இறங்கினார். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்கெல்லாம் சர்ச்சுக்குப் போறவீங்க. இந்த மொளகா அரைக்கற சமாச்சாரமெல்லாம் உங்குளுக்குக் கெடையாதில்ல?"

"எனக்குக் கெடையாதுங்க. எங்கம்மாதான் ரெண்டு பக்கமும் போவாங்க."

பொய்யில்லை. அம்மா மாசாணிக்கும் போவார், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கும் முதல் ஆளாக உட்காருவார். அதைக் கேட்டதும் அவர் விறுவிறுவென்று போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஹெட்டை மட்டும் சாக்கில் கட்டி நான் ஊருக்குக் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூர் பட்டறைக்குப் பஸ் ஏற வந்தால், வேன் ஸ்டாண்டில் செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. உறவுக்காரர்களின் வேலை.

"என்னப்பா, தண்ணியில்லாம ஓட்டி ஹெட்டையே ஒடைச்சுப்போட்டியாமா?" என்றார் ஒரு டிரைவர். நாலு பேர் சிரித்தார்கள். நான் சாக்கைக் கீழே வைத்தேன். இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

பின்னால் ஒரு பைக் வந்து நின்றது. தோட்டத்துக்காரர்.

"அவன் ஒடைக்கலப்பா" என்றார். பைக்கை விட்டு இறங்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "ஒடைஞ்சதைத்தான் நான் வித்தேன். பித்தளை வெச்சு அடைச்சு, சொல்லாம வித்தேன். ஆரும் அவனைக் கொறை சொல்லாதீங்க." பிறகு என்னைப் பார்த்து, "சாக்கைத் தூக்கிட்டு ஏறு. பட்டறையில சொல்லி வெச்சிருக்கறேன். வேற ஹெட்டு போட்டுக்கலாம், அது எம்பொறுப்பு" என்றார்.

மிளகாய்க்குப் பயந்து சொன்னாரா, மனசு வந்து சொன்னாரா, தெரியாது. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. அத்தனை டிரைவர்களும் கேட்டார்கள், அது போதும்.

பின்சீட்டில் உட்கார்ந்து ஹெட்டை மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல கனம். சேர்த்து வைத்திருந்த கேள்விகளைப் போகிற வழியில் கேட்டுவிடலாம் என்றிருந்தேன். கருமத்தம்பட்டி தாண்டியும் எதை முதலில் கேட்பது என்றே வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அவர்தான் பேசினார், ரோட்டைப் பார்த்தபடியே.

"அந்த ஹெட்டோட எட்டு மாசம் எப்படிப்பா ஓட்டுன? என்னால பத்து நாள்கூட ஓட்ட முடியல."