பாறைக் களத்தில் ஒரு பாட்டில் தண்ணீர்

சென்னையில் நான் குனிந்த தலை நிமிராமல் நடக்கிற ஆள். வெட்கத்தால் அல்ல, தொழிலால். வங்கிப் படிக்கட்டு, பிளாட்பாரத்து ஓரக்கல், ஓட்டலில் கை கழுவும் மேடை என்று கண்ணில் பட்ட கல்லிலெல்லாம் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, ஈரத்தில் துலங்கும் வரிகளைப் பார்ப்பேன். அந்தக் கல் எந்தச் சூட்டில் உருகி எப்படி உறைந்தது என்று பத்திரிகையில் எழுதுவேன். இருபது வருடம் அப்படித்தான் பிழைத்தேன். பாரிமுனையில் என்னை விரட்டாத வாட்ச்மேன் பாக்கி இல்லை.

அங்கே ஒரு மருந்துக் கடையின் வாசற்படி எனக்கு உயிர். சாம்பல் கல், குறுக்கே இளஞ்சிவப்பு வரி, நடுவில் கால் பட்டுப் பட்டு விழுந்த குழி. என் முதல் கட்டுரை அதைப் பற்றித்தான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதை ஒருமுறை நனைத்துப் பார்க்காமல் வந்ததில்லை.

என் மனைவி டாக்டர். என் கல் பைத்தியத்துக்காகவே இத்தனை வருடம் சென்னையை விட்டு நகராமல் இருந்தவள், போன வருடம் ஜவ்வாது மலை ஆஸ்பத்திரிக்குத் தானாகவே கேட்டு மாற்றல் வாங்கினாள். இது அவள் முறை. முணுமுணுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து நானும் மூட்டை கட்டினேன்.

கல்லைப் பற்றி எழுதுகிறவனுக்கு மலையே கிடைத்துவிட்டதே என்று நண்பர்கள் பொறாமைப்பட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. மலைப்பாறை மழையில் கறுத்து, பாசி பிடித்து, முகத்தை மூடிக்கொண்டு கிடக்கிறது. அறுத்து மெருகேற்றிய கல்தான் தன் உள்ளே இருப்பதைக் காட்டும், அது சென்னையில் இருந்தது. எனக்கு அந்தப் படி வேண்டும் போலிருந்தது. அதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? எழுத்தும் நின்றுபோனது. இந்த மாதமும் கட்டுரை வராவிட்டால் உங்கள் பக்கத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பத்திரிகை ஆசிரியர் போனில் சொன்னார்.

பயத்தில் மறுநாள் காலை பாட்டிலோடு கிளம்பினேன். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் சாமைக் கொல்லை, அதை ஒட்டி அகலமான மொட்டைப் பாறை. சுத்தமாகப் பெருக்கியிருந்தது. எனக்கென்றே பெருக்கி வைத்ததுபோல் நினைத்து, ஏறி மண்டியிட்டு மொத்தத் தண்ணீரையும் ஊற்றினேன்.

"இன்னா சார் இது!" கொல்லைக்காரம்மா கதிர்க்கட்டைத் தலையில் வைத்தபடி ஓடி வந்தார். "சாமை அடிக்கணும்னு பாறையக் காய வுட்டு வச்சிருக்கோம், நீங்க தண்ணி ஊத்திக்கினு கீறீங்க? களத்துல செருப்பு வேறயா? மொதல்ல கழட்டுங்க!"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. செருப்பைக் கீழே வீசிவிட்டு, என் துண்டால் பாறையைத் துடைக்க ஆரம்பித்தேன். நடுப்பாறைக்கு வந்தபோது உள்ளங்காலில் வழவழப்புப் பட்டது. வருடா வருடம் கதிர் அடித்து, மிதித்துத் தேய்ந்த இடம், லேசான குழி. பாரிமுனைப் படியை நான் வெறுங்காலால் தொட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணீர் வந்துவிட்டது. அந்தம்மா, தான் திட்டியதால்தான் என்று பதறிப்போனார்.

"வுடுங்க சார், வெய்யில் வந்தா காஞ்சிடும்."

அவரைச் சமாதானப்படுத்தத்தான், சென்னையில் விட்டு வந்த அந்தப் படிக்கல்லைப் பற்றிச் சொன்னேன்.

"அதுல இன்னா காய வெப்பீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. மேல நடப்பாங்க."

"அவ்ளோதானா? அத யாரு பாத்துக்கறது?"

"நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மதியத்துக்குள் கட்டுரையை முடித்தேன். மலையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை, முழுக்க அந்தப் படியும், அதை நான் வெறுங்காலால் தொட்டதே இல்லை என்பதும்தான். அனுப்பும் முன் மனைவியிடம் காட்டுவது வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் நின்றபடியே இரண்டு முறை படித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கொடுத்த வாக்கை வரிக்கு வரி மீறியிருந்தேன்.

அவள் சமையலறைக்குள் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மேஜைமேல் என் பாட்டிலை நிரப்பி வைத்தாள்.

"காலைல போளூர் பஸ் இருக்கு," என்றாள். "ரெண்டு நாள் சென்னைல இருந்துட்டு வாங்க. அந்தப் படில செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க."