போட்டுப் பார்த்த கண்ணாடி

கண்ணாடிக் கடைக்காரர் வாழ்நாளில் எழுதியது ஒரே கதை. மனைவியை இழந்த கிழவர் ஒருவர் அவளுடைய உடைந்த மூக்குக்கண்ணாடியைக் கடைக்குக் கொண்டுவருகிறார். கடைக்காரர் சரிசெய்து கொடுக்கிறார். அவ்வளவுதான். அது வெளிவந்த சிறுபத்திரிகை அடுத்த இதழோடு நின்றுபோனது. "உங்க கதைதான் அதைத் தீர்த்துக்கட்டிடுச்சு" என்பாள் மனைவி.

அந்தக் கதையை இப்போது சகலை நாடகமாக்கியிருந்தான். மனைவியின் தங்கையைக் கட்டியவன். வீட்டு விசேஷங்களில் அவன் உட்காரும் பக்கம் சிரிப்புச் சத்தம், இவர் பக்கம் மின்விசிறிச் சத்தம். முன்பு ஒரு வழக்கில் மாட்டிக்கொண்ட அரங்கக்காரர்கள், கதை எழுதியவர் கையெழுத்து இல்லாமல் மேடை கிடையாது என்றுவிட்டார்கள்.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. முதல்ல ஒத்திகையைக் காட்டு" என்றார் கடைக்காரர்.

ஒத்திகையில் அவர் வரிகளுக்கு யாரும் அசையவில்லை. கடைசியில், கதையில் இல்லாத காட்சி. வீடு திரும்பிய கிழவர் மனைவியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடியைப் பார்க்கிறார். "இவ்வளவு மங்கலாத்தான் தெரிஞ்சேனா? அதான் இத்தனை வருஷம் கூட இருந்திருக்கா."

விளக்குப் போடுபவர்கூடச் சிரித்தார். கடைக்காரர் எழுந்து மேடையருகே போனார்.

"அது தப்பு. அவ கண்ணாடி அவளுக்குத் தெளிவாத்தான் காட்டும்."

"கிழவருக்கு அது தெரியாதே அண்ணே."

"அந்தக் காட்சியை எடுத்துடு. கையெழுத்துப் போடறேன்."

"அதுதானே எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

"என் கதையில அது இல்ல. நீயா சேர்த்தது."

சகலை தலையைச் சொறிந்தான். "ஆமா. நானா சேர்த்ததுதான்."

அந்தக் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டான். கடை போனது, கடைக்காரர் போனார், அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் போனது. வீடு, கிழவர், கண்ணாடி. கதையையும் புது நாடகத்தையும் படித்த அரங்கத்து வக்கீல், "செத்தவங்க கண்ணாடிக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. இதுக்கு அவர் கையெழுத்து வேண்டாம்" என்றாராம்.

மைத்துனி கொடுத்த இலவச டிக்கெட்டில் கடைக்காரர் நாடகத்துக்குப் போய் உட்கார்ந்தார். நோட்டீசின் இரண்டு பக்கமும் தேடினார். அவர் பெயர் இல்லை. பக்கத்தில் மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கண்ணாடி என்னோடது" என்றார் வெளியே வந்ததும்.

"யாரு இல்லேன்னா? போட்டுப் பாத்தது தங்கச்சி வீட்டுக்காரரு."

கண்ணாடியைக் கையில் பிடித்தபடியே நடந்தாள்.

"மாட்டிக்கோ. தடுக்கி விழப்போற."

"இருக்கட்டும். இப்ப உங்க மூஞ்சி தெளிவாத் தெரிய வேண்டாம்."