இந்தப் பக்கம் மாடு, அந்தப் பக்கம் நாய்

“ஏன்டி, மடையைத் திறந்து விட்டுட்டு அப்படியே போய்ப் படுத்துட்டா, தண்ணி நம்ம பூசணிக்குள்ள வந்து நிக்காம வேற எங்கடி போகும்?”

பெட்டியக்கா மாட்டிடம்தான் கேட்கிறார். மடியைக் கழுவி, காம்பில் எண்ணெய் தொட்டு, முதல் பீச்சு பாத்திரத்தில் விழும்போதே கேள்வி தொடங்கிவிடும். குரல் மட்டும் கொட்டகையைத் தாண்டி, கம்பி வேலியைத் தாண்டி, அடுத்த நிலத்தில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் அவருடைய தம்பியின் காது வரை போகும். மாடு பாவம், அது தன் பாட்டுக்குப் புண்ணாக்கைத் தின்றுகொண்டிருக்கும். அங்கிருந்து பதிலும் வரும். அது அக்காவுக்கு அல்ல. “டேய், மடையை நேத்தே அடைச்சாச்சுடா. எலி வளை தோண்டினா அதுக்கும் நாமளாடா பொறுப்பு?” என்று தம்பி தன் நாயிடம் சொல்வார். நாய் வாலை ஆட்டும். அன்றைய பேச்சுவார்த்தை அத்துடன் முடிந்தது.

அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். அவர்கள் எதிரில் சிரித்துவிடாதீர்கள். தம்பி மகளுக்குப் பள்ளியில் போட்டோ எடுக்கிற அன்று காலையில், அக்கா வளர்க்கும் தேனீ ஒன்று அவள் இமையில் கொட்டிவிட்டது. வகுப்புப் போட்டோவில் அந்தப் பெண்ணுக்கு ஒரு கண்தான் இருக்கிறது. “உன் பூச்சியை உன் வேலிக்குள்ள வெச்சுக்கோ” என்றார் தம்பி. “பூச்சிக்கு வேலி தெரியுமாடா? உன் மண்டைக்குத்தான் வேலி போட்டிருக்கு” என்றார் அக்கா. அத்தோடு சரி. அக்காவின் வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். சமாதானம் பண்ணி வைக்கக் கூடாதா என்று ஒருநாள் அவரைக் கேட்டுப் பார்த்தேன். “அந்த மாட்டைக் கேளுங்க சார், அதுக்குத்தான் ரெண்டு பக்க நியாயமும் தெரியும்” என்று நழுவிவிட்டார்.

நான் அங்கே பால் வாங்கப் போகிறவன். முதல் நாள் குளித்து, சென்ட் பூசி, மணக்க மணக்கப் போய் நின்றேன். “அங்கயே நில்லுங்க! கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்தா பொண்ணுங்களுக்குப் பிடிக்காது” என்று கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். பொண்ணுங்க என்றால் தேனீக்கள். வேலியோரம் வரிசையாக இருக்கும் மரப்பெட்டிகளில் குடியிருக்கிறார்கள். பெட்டியக்கா என்ற பெயர் வந்தது அதனால்தான். பெட்டியைத் திறக்கும்போது அக்கா கையுறை போடமாட்டார். பழைய சாக்குத் துணியைக் கொளுத்திக் கொஞ்சம் புகை காட்டுவார், அவ்வளவுதான். கொட்டினால் நகத்தால் முள்ளைச் சுரண்டி எறிந்துவிட்டு, “கோவம் வந்துடுச்சு மகராசிக்கு” என்பார்.

இவ்வளவு பொறுமையும் தேனீக்களுக்கு மட்டும்தான். கோழிகளைக் காலையிலிருந்து இரவு வரை திட்டுவார். ஒன்று முட்டையைக் கூடையில் இடாமல் தீவனச் சாக்குக்குள்தான் இடும். அதற்குத் தனி அர்ச்சனை. தாடி வைத்த கிடாவுக்கு மேனேஜர் என்று பெயர். யார் வந்தாலும் பையை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார் மேனேஜர். என் குடையின் கைப்பிடி போனது அவரால்தான். கேட்டதற்கு, “அவர் கடமையைச் செய்யறாரு” என்றார் அக்கா. வருத்தம் தெரிவிக்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

தம்பி நிலத்தில் சூரியகாந்தி. பூத்துவிட்டால் அக்காவின் தேனீக்கள் எல்லாம் அங்கேதான். “அவன் விதை திரள்றதே என் பொண்ணுங்களாலதான். இதை யார் போய் அவனுக்குச் சொல்றது?” என்று என்னிடம் புலம்புவார். பூவில் மருந்து அடிக்கிற நாட்கள்தான் ஆபத்து. பகலில் அடித்தால் மேயப் போனவை செத்துப்போகும். பொழுது சாய்ந்து, எல்லாம் பெட்டிக்குத் திரும்பிய பிறகு அடித்தால் பிழைத்துக்கொள்ளும். தம்பியும் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. முந்தின நாளே நாயிடம் அறிவித்துவிடுவார். அக்கா மாட்டிடம் ஆட்சேபம் தெரிவிப்பார். கடைசியில் சாயங்காலம்தான் அடிப்பது என்று முடிவாகும். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய ஏற்பாடு இது.

போன வாரம் ஒருநாள் காலை. அக்கா கறந்துகொண்டிருக்கிறார், நான் பாத்திரத்தோடு நிற்கிறேன். வேலிக்கு அப்பால் மருந்தடிக்கிற மோட்டார் உறுமியது. அக்காவின் கை அப்படியே நின்றது. பெட்டிகளைப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது, பொண்ணுங்க எப்போதோ கிளம்பியிருந்தார்கள்.

“ஏன்டி! பகல்ல பூவுல மருந்து அடிச்சா என் பொண்ணுங்க என்னடி ஆவாங்க?” என்று மாட்டிடம் கத்தினார். மாடு மிரண்டு காலை உதறியது, பால் கொட்டியது. இன்னும் உரக்கக் கத்தினார். எனக்குக் காது அடைத்தது. மோட்டாரைச் சுமந்துகொண்டு முதுகு காட்டி நடந்த தம்பிக்குக் கேட்கவே இல்லை. அக்கா மாட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு வேலியின் அடிக்கம்பியைத் தூக்கிக் குனிந்து நுழைந்தார். சேலை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிப்போய்த் தம்பியின் முன்னால் நின்று, மருந்துக் குழாயை வெறுங்கையால் பிடித்துத் தள்ளினார்.

“டேய் தம்பி, நிறுத்துடா!”

மோட்டார் நின்றது.

“சொல்லாம கொள்ளாம அடிக்கிறியே, நீயெல்லாம் மனுஷனாடா?”

தம்பி மூக்கில் கட்டியிருந்த துணியை இறக்கினார். “சொன்னேனே!”

“யார்கிட்டடா சொன்னே?”

அவர் திரும்பி நாயைப் பார்த்தார். “நேத்துக் காலையில... சத்தமாத்தான் சொன்னேன்.”

“நேத்துக் காலையில ஆடு குட்டி போட்டுச்சுடா. நான் அந்தக் கோடியில இருந்தேன்.” அக்கா பூக்களைக் காட்டினார். “அவங்கல்லாம் பூவுல இருக்காங்கடா.”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தம்பி வானத்தைக் காட்டினார். “மேகம் கட்டுது பாரு. சாயங்காலம் மழை வந்தா மருந்து கழுவிட்டுப் போயிடும். புழு பூத்தலையைத் துளைக்குது. எனக்கு இந்த வருஷம் இது ஒண்ணுதான் வெள்ளாமை.”

“மழை வந்தா நாளைக்கு நானே வந்து கையால புழு பொறுக்கறேன். இப்ப வேணாம்.”

தம்பி மேகத்தை இன்னொரு முறை பார்த்தார். தோளிலிருந்து மருந்து டேங்கைக் கழற்றி வரப்பில் வைத்தார்.

அதற்குள் இரண்டு வரிசை அடித்தாகிவிட்டது. மத்தியானம் போனபோது பெட்டி வாசல்களில் தேனீக்கள் சுருண்டு கிடந்தன. சில மல்லாந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன. கோழிகள் கொத்திவிடாமல் விரட்டிக்கொண்டே, அக்கா அவற்றைக் கூட்டி அள்ளிக் குழியில் போட்டு மூடினார். “வயிறு எரியுது சார்” என்றார்.

சாயங்காலம் பால் வாங்குகிற வழக்கம் எனக்கு இல்லை. இருந்தாலும் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் போனேன். பொழுது சாய்ந்திருந்தது. மேகம் வந்த இடத்திலேயே நின்றது, மழை இல்லை. அக்கா ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டார். “மிச்சப் பேரெல்லாம் வந்துட்டாங்க” என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி, நிறைத்த டேங்கை முதுகில் ஏற்ற முடியாமல் தரையில் உட்கார்ந்து தோளை நுழைத்துக்கொண்டிருந்தார். அக்கா கம்பியைத் தூக்கி அந்தப் பக்கம் போனார். டேங்கை அடியில் கைகொடுத்துத் தூக்கி அவரை எழுப்பி நிறுத்தினார். தம்பி மோட்டாரை இழுக்கக் கையை நீட்டினார். “இருடா” என்று அந்தக் கையைத் தட்டிவிட்டு, அவர் கழுத்தில் தொங்கிய துணியை மூக்குக்கு மேல் ஏற்றி, பின்னால் போய் இறுக்கி முடிச்சுப் போட்டார்.