வாசல் டீச்சர்

நல்ல டீச்சர் யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அடிக்காதவர் என்பார் ஒருவர், நாலு போட்டுத் திருத்துகிறவர் என்பார் இன்னொருவர். ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் மட்டும் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். கேட்காவிட்டாலும் சொல்வார். புதிதாக வேலைக்கு வந்த எந்தப் பெண்ணையும் அவர் விட்டுவைத்ததில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க விடாமல் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

"பாடம் யார் வேணும்னாலும் நடத்தலாம்மா. புஸ்தகத்துலயே இருக்கு. மூஞ்சியப் பாக்கத் தெரியணும். வீட்டுல என்ன நடந்துச்சுன்னு ஆறு வயசுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. ஆனா மூஞ்சி சொல்லிடும். அதைக்கூடப் பாக்கத் தெரியாதவ எதுக்கு இந்த வேலைக்கு வர்றா?"

கொஞ்சம் கர்வம்தான். ஆனால் சும்மா வந்த கர்வம் இல்லை. காலையில் மணி அடித்ததும் வகுப்பு வாசலில் நின்றுகொள்வார். பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையின் முகவாயையும் ஒரு விரலால் தூக்கி, முகத்தைப் பார்த்து, "போ கண்ணு" என்று சொன்னால்தான் உள்ளே போகலாம். அந்த வாசலில் அவர் கண்டுபிடித்தது கொஞ்சநஞ்சமா? காதில் சீழ் வைத்த பிள்ளை, ராத்திரி பட்டினி கிடந்த பிள்ளை, அப்பா வீட்டை விட்டுப் போனதை விழுங்கிக்கொண்டு வந்த பிள்ளை. ஒரு பையனின் கழுத்தில் பெல்ட் தடத்தைப் பார்த்துவிட்டு, அவன் வீட்டுக்கே நடந்து போய், தகப்பனைத் தெருவுக்கு இழுத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் கை நீளுகிற அப்பன்களுக்கு அவரைக் கண்டால் பயம். வாசல் டீச்சர் என்ற பேர் அப்படி வந்ததுதான்.

பேர் வாங்கினால் போதுமா, காப்பாற்ற வேண்டாமா. ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கும்போது அவருக்குப் பார்வை கெட்டது.

முழுசாகக் கெட்டிருந்தால்கூட நல்லதாகப் போயிருக்கும். வந்தது பொல்லாத கேடு. ஓரமெல்லாம் தெரியும், நேராகப் பார்க்கிற இடம் மட்டும் அழிந்துபோகும். கதவு தெரியும், பிள்ளையின் பை தெரியும், செருப்பு தெரியும். முகம் இருக்கவேண்டிய இடத்தில், ஈரத்துணியால் துடைத்த போர்டு மாதிரி சாம்பலாக ஒரு தீற்றல். கண் டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்.

"போன பார்வை வராதும்மா. இருக்கறதக் காப்பாத்தலாம். ஸ்கூல்ல சொல்லிடுங்க, வேற வேலை ஏதாவது குடுப்பாங்க."

கூடப் போயிருந்த தங்கையும் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே சொன்னாள். "சொல்லிடுக்கா. எத்தன நாளைக்கு மறைப்ப?"

"சொன்னா ஆபீஸ் ரூம்ல ஒரு நாற்காலியப் போட்டு உக்கார வச்சிடுவாங்க. போறவங்க வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லிக்கிட்டு இருக்கவா? ஒரு வருஷந்தானடி. பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டிடுறேன். என் பிள்ளைங்கள எனக்கு நடையை வச்சே தெரியும்."

பொய் இல்லை, தெரிந்தது. செருப்பைத் தேய்க்கிறவன், மூக்கை உறிஞ்சுகிறவள், பையிலிருந்து தண்ணீர் ஒழுக விடுகிறவன், எல்லாரையும் தெரிந்தது. போர்டில் எழுத்து கைப்பழக்கத்திலேயே வந்துவிழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார், அது மறைந்தும் போனது. வாசல் டீச்சருக்கு முகம் தெரியாது என்று யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அதுவரைக்கும் சரி. வேலையை விட மனசில்லாத மனுஷி, மறைத்தார் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த வாசலில் நிற்பதை அவர் நிறுத்தவில்லை பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நிறுத்தினால் கேட்பார்களே என்று தினமும் நின்றார். முகவாயைத் தூக்கினார். எதையும் பார்க்காமல் "போ கண்ணு" என்றார்.

அந்த வருஷம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். கீச்சுக் குரல் என்பதால் எல்லாருக்கும் அவள் குருவி. அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. அப்பா லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு வீட்டோடு கிடந்தார், கை மட்டும் சும்மா கிடக்கவில்லை. "வீட்டுல நடக்கறத வெளிய சொன்னேன்னு வச்சுக்க, நம்ம ரெண்டு பேரையும் கொன்னே போட்டுடுவாரு" என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். குருவி சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை. ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் வாசலுக்கு வந்ததும், டீச்சரின் விரல் படுவதற்கு முன்னாலேயே முகத்தைத் தானாகத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

டீச்சருக்கு அது விரலில் தெரிந்தது. மற்றதெல்லாம் நெளியும், இது எவ்வளவு ஒழுங்காக நிற்கிறது என்று மனசு குளிர்ந்தது. "சமத்து. போ கண்ணு."

ஒருநாள் அந்தக் கன்னம் வீங்கியிருந்தது. இன்னொரு நாள் கண்ணுக்குக் கீழே கன்றிக் கறுத்திருந்தது. அன்றைக்குக் குருவி வாசலை விட்டு நகரவே இல்லை.

"என்ன கண்ணு, வழிய மறிச்சிக்கிட்டு? பின்னாடி நிக்கறாங்க பாரு, போ."

போனாள்.

அந்தக் கறுப்பை இரண்டாம் வகுப்பு டீச்சர் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தாள். சின்னப் பெண், பதறித்தான் போனாள். ஆனால் வாசல் டீச்சர் பார்க்காததையா நாம் பார்த்துவிட்டோம் என்று உடனே தோன்றியது. நாம் போய்ச் சொன்னால் எனக்கே பாடம் எடுக்கிறாயா என்பார். கூட்டிப் பெருக்குகிற ஆயாவும் பார்த்தாள், அவளும் அப்படியே நினைத்தாள். பார்க்க ஒருத்தர் இருக்கிறார் என்றானதும் மற்றவர்கள் பார்ப்பதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை குருவி வரவில்லை. லீவு நாளில் அப்பா அவளைத் தூக்கிச் சுவரில் அடித்திருந்தார். அம்மாதான் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். போலீஸ் வந்து அப்பாவைக் கூட்டிப்போனது. பிள்ளை பிழைத்தாள். ஒரு காது போய்விட்டது, இடது கை இனிமேல் சரியாக வராது என்றார்கள்.

ஆசிரியர் அறையில் இரண்டாம் வகுப்பு டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நீங்க கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்க்கா. கண்ணுக்குக் கீழ அவ்வளவு கறுப்பா இருந்துச்சே."

"எப்போ?" என்றார் வாசல் டீச்சர்.

"போன வாரம் பூரா இருந்துச்சேக்கா. உங்க முன்னாடிதான நின்னா?"

அன்று சாயங்காலம் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நர்ஸ் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். "நீங்கதான் டீச்சரா? இவ வாயே தெறக்க மாட்டேங்கறாம்மா. ஏன் பாப்பா, டீச்சர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

டீச்சர் கட்டிலோரம் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். முகவாய் ஏற்கெனவே தூக்கியிருந்தது. விரலில் கட்டுத்துணி தட்டுப்பட்டது.

"அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க டீச்சர். அதான் காட்டினேன். தெனமும் காட்டினேன்."

தங்கையையும் டாக்டரையும் தவிர யாரிடமும் சொல்லாததை அந்தக் கட்டிலோரத்தில் டீச்சர் சொன்னார். "எனக்குப் பார்வை போயிடுச்சும்மா. யார் மூஞ்சியும் தெரியல. ரொம்ப நாளா."

குருவி அவர் பக்கம் திரும்பினாள். கோபமெல்லாம் இல்லை, புரியாததைக் கேட்கிற குரல்தான்.

"நீங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல டீச்சர்?"

மறுநாள் காலை அவர் தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னார். அவர் பயந்தபடியே ஆபீஸ் அறையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். மிச்ச வருஷத்தை அதில்தான் கழித்தார்.

அந்த வருஷக் கடைசியில் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள். ஒன்றும் தெரியாத பிள்ளை. மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "நல்ல டீச்சர்னா யாருன்னு நீங்க ரொம்ப நல்லாச் சொல்லுவீங்களாமேக்கா. எனக்கும் சொல்லுங்களேன்."

அவர் கை தடவித் தடவிப் போய் அந்த டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டது.

"சாப்பிடும்மா," என்றார். "மணி அடிச்சிடும்."