சயாம் முகாமிலிருந்து பென்னாகரத்துக்கு ஒரு தேதி

காலை 7.40க்குப் பொம்மிடியில் பஸ் ஏறினேன். தர்மபுரி சுமார் முப்பது கிலோமீட்டர். அங்கே மாறி, பென்னாகரம் இன்னொரு முப்பது. சரியான தூரத்தைக் கண்டக்டரிடம் கேட்டேன்.

"பெரியவரே, பஸ் போய்ச் சேரும். அளந்து என்ன பண்ணப் போறீங்க?"

பையில் என் அப்பாவின் நோட்டு இருந்தது. மலேயா தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்த அவரை, உலகப் போரின்போது, மூன்று மாத வேலை என்று சொல்லி ஜப்பான் ராணுவம் சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போடக் கொண்டுபோனது. ஆற்றோரத்தில் தலைமை முகாம். அதற்கு மேலே, காட்டுக்குள், ஆறு கிளை முகாம்கள். தினமும் ஆள் எண்ணுவது அப்பாவின் வேலை. அங்கே செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கல்லறை உண்டு. தமிழ்க் கூலிகளுக்கு இல்லை. நம் பக்கத்து ஆட்கள் நாற்பத்தேழு பேரின் பெயர், ஊர், இறந்த தேதி ஆகியவற்றை அப்பா ரகசியமாக எழுதி வைத்தார். திரும்பி வந்தும் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. அவர் இறந்த பிறகு நானும் பெயர்களை எண்ணினேனே தவிர, இன்றுவரை எந்த ஊருக்கும் போகவில்லை.

10.25க்குப் பென்னாகரம். அங்கிருந்து ஆட்டோவில் நாலு கிலோமீட்டர். ஐந்தாவது கிளை முகாமில் காலராவில் இறந்த சின்னமுத்துவின் மகள் மாதம்மாளுக்கு வயது எண்பத்தாறு. அவர் தாய் வயிற்றில் இருந்தபோதே மலேயாவுக்குக் கப்பலேறிய அப்பன்.

"பென்ஷன் ஆபீசா? மூணு மாசமா வரலீங்க," என்றார்.

வந்த காரணத்தைச் சொன்னேன். நான் நோட்டைத் திறந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"தேதிய மட்டும் சொல்லாதீங்க தம்பி."

"திதி கொடுக்கலாமேம்மா. அதுக்காகத்தான் வந்தேன்."

"ஊரே தாலிய அறுக்கச் சொல்லுச்சு. ஆள் வருவாருன்னு எங்காத்தா கேக்கல. சாவுறப்ப பூவும் பொட்டுமா இந்த வூட்லருந்து அனுப்பினோம். இப்ப நீங்க தேதி சொன்னா, அந்தப் பூவ நானே எடுத்த மாதிரி ஆயிடும்ங்க."

நோட்டை மூடினேன். மோர் கொடுத்தார். அந்த இடத்தில் குடிக்க நல்ல தண்ணி இருந்ததா என்று மட்டும் கேட்டார். ஆறு இருந்தது என்றேன். அந்த ஆற்றுத் தண்ணீரில்தான் காலரா வந்தது என்பதைச் சொல்லவில்லை.

அவர் மகன் மாது பைக்கில் என்னைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். "தேதிய எங்கிட்ட குடுங்க. அம்மா காலத்துக்கப்புறம் நான் பாத்துக்கறேன்."

தாளில் எழுதிக் கொடுத்தேன். படிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நோட்டு எத்தன வருஷமா உங்ககிட்ட இருக்குதுங்க?"

"முப்பத்தொண்ணு."

அவர் விரலை மடக்கினார். "அம்மாயி செத்து இருபத்தாறு ஆச்சு."

வண்டியைக் கிளப்பினார். 12.50 பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சின்னமுத்துவின் மனைவி உயிரோடிருந்த அந்த ஐந்து வருடத்தில் நான் வந்து சொல்லியிருந்தால் அவர் அழுது முடித்திருப்பாரா, என்னையும் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பாரா, தெரியவில்லை. தீர்மானிக்க வேண்டியவர் அவர்தான். அவருக்குப் பதிலாக நான் தீர்மானித்துவிட்டேன், ஒன்றும் செய்யாமலேயே.