போகும்போது மட்டும் வந்த சத்தம்

காலை ஐந்து மணி, நான்கு தூண், ஒரு குணசீலன்: மணவறை வாடகைக்கு விடும் தொழிலுக்கு இவ்வளவும் போதும் என்று 1994இல் பீலெஃபெல்டில் நினைத்தேன். காருக்குப் பின்னாலுள்ள இரும்புக் குண்டில் டிரெய்லரின் மூக்கைக் கொளுவிவிட்டால் ஜெர்மனியின் எந்த மண்டபத்துக்கும் போகலாம். பழைய டிரெய்லர் இழுத்தவர்களுக்கு மிச்சம் தெரியும். மூக்கு குண்டில் இறுக்கமாக நில்லாமல் கடகடவென்று அடிக்கும்; நீங்கள் வருவது தெருவுக்கே கேட்கும்.

மீன் ரின்

புது மூக்கு வாங்க வசதியில்லை. கூட்டாளி குணசீலன் ஒரு மீன் ரின்னை வெட்டி, அந்தத் தகரத்தைக் குண்டுக்கும் மூக்குக்கும் இடையில் செருகினான். சத்தம் பாதியாகக் குறைந்தது. எங்களுக்குப் பெருமை.

மண்டப வாசலில் மூக்கைக் கழற்றியபோது தகரம் நழுவி, மாப்பிள்ளையின் பெரியப்பாவின் காலடியில் விழுந்தது. மீன் படம் மேல்பக்கமாக. அவர் குனிந்து பார்த்தார். நாங்கள் தூண்களைத் துடைக்கத் தொடங்கினோம்.

"தம்பியவை, சைவக் கலியாணத்துக்கு மணவறையோடை கறியும் கொண்டுவந்தனீங்களோ?"

வீடியோ

அடுத்த கலியாணத்துக்குத் தகரத்துக்குப் பதிலாகச் சைக்கிள் ரியூப். அது பாதி வழியில் கிழிந்தது. மண்டபத்துக்கு வழி கேட்க, பெண் வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பினோம். மேல்மாடியில் பெண் தகப்பனின் காலில் விழுந்து ஆசி வாங்குவதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். யன்னல் திறந்திருந்தது.

பெண்ணின் தாய் பவானியம்மாவுக்கு இன்னும் இரண்டு மகள்மார். அந்தக் கலியாணங்களும் எங்களுக்குத்தான் என்று நம்பியிருந்தோம். வீடியோ பார்த்த அன்று தொலைபேசியில் பேசினார். கோபம்கூட இல்லாத குரல்.

"இவர் அழுதது கேக்கேல்லை தம்பி, உங்கடை வண்டிதான் கேக்குது. மற்றப் பிள்ளையளுக்கு நாங்கள் வேறை ஆளைப் பாக்கிறம்."

ஒரு கை

பழைய இரும்புக் கடையில் தேயாத மூக்கு ஒன்று வாங்கிப் பூட்டினோம். அதுவும் அடித்தது. திரும்பி வரும்போது மட்டும் சத்தம் இருக்காது. ஆண்டவர் களைத்தவர்களுக்கு இரங்குகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பேர்லினில் ஒரு கலியாணத்துக்குப் போகும் வழியில் அடி தாங்காமல் ஓட்டோபான் நெடுஞ்சாலையின் ஓய்விடத்தில் நிறுத்தி, மூக்கைக் கழற்றிப் பார்த்தோம். பூ வேலைக்காகக் கூட வந்த என் மனைவி ரோசா இறங்கி, அதை ஒரு கையால் தூக்கினாள். பஞ்சு போல எழும்பியது.

குத்துவிளக்கும் பெண் மிதிக்கும் அம்மியும் மண்டபத்துக்குள் முதலில் போகவேண்டும் என்பது குணசீலனின் கட்டளை. நான் மன்னார்க் கத்தோலிக்கன். கேள்வி கேட்காமல் இரண்டையும் பின்கதவோடு ஏற்றுவேன். பாரம் எல்லாம் வாலில், மூக்கு குண்டில் அழுந்தாமல் அந்தரத்தில். திரும்பும்போது கனமானதை முதலில் உள்ளே தள்ளுவோம். அது முன்னுக்குப் போய்விடும். ரோசா பின்கதவைத் திறந்து பார்த்தாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"அம்மியை வாலிலை வைச்சுப்போட்டு, ரெண்டு பேருமாய் மூக்குக்கு வைத்தியம் பாத்தனீங்களோ?"

அம்மியை முன்னுக்கு மாற்றினோம். விளக்கு ரோசாவின் மடியில் வந்தது. பேர்லின் வரை டிரெய்லர் பேசவில்லை.

அதன்பிறகு வண்டி சத்தமில்லாமல் ஓடியது. ஓடுவதற்குத்தான் கலியாணங்கள் குறைவாக இருந்தன. 1997 ஆவணியில் பவானியம்மாவின் இரண்டாவது மகளுக்குக் கலியாணம் நடந்தது, மணவறை வேறொருவருடையது.